மழை யார் கணக்கில்?

ஜூலை மாதத்தில் ஆர்லாண்டோ நகரத்துக்கான பத்து நாள் வானிலை அறிவிப்பைத் திறந்தால் பத்துக் கட்டத்திலும் பெரும்பாலும் ஒரே படம்தான் இருக்கும்: கறுத்த மேகம், அதன் கீழே ஒரு மின்னல். விமான டிக்கெட், தங்கும் அறை, டிஸ்னி வேர்ல்டு நுழைவுச்சீட்டு என்று எல்லாவற்றுக்கும் ஆறு மாதம் முன்பே பணம் கட்டிவிட்ட குடும்பம் அதைப் பார்த்துத் திகைத்துப்போகும். தள்ளிப் போடலாமா, ரத்து செய்தால் கையை விட்டு எவ்வளவு போகும், பெட்டி கட்டத் தொடங்கிவிட்ட பிள்ளைகளிடம் யார் சொல்வது என்று வீட்டில் பேச்சு கிளம்பும்.

இந்தக் கவலைக்கு வயது அதிகமில்லை. நூற்றிருபது வருடங்களுக்கு முன்னால் அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்களுக்குப் போனவர்கள் காலையில் எழுந்து வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள். வெளுத்திருந்தால் கிளம்பினார்கள், இருட்டியிருந்தால் வீட்டில் இருந்துகொண்டார்கள். முன்பணம் கிடையாது, ரத்துக் கட்டணமும் கிடையாது. மழையை நினைத்துத் தூக்கம் கெட்டவர் பூங்கா முதலாளி. அந்தத் தூக்கக்கேடு எந்தெந்த வழியாகக் குடும்பங்களிடம் வந்து சேர்ந்தது என்பது பூங்காக்களின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி.

நியூயார்க்கின் கோனி ஐலண்டிலிருந்து தொடங்கலாம். புரூக்ளின் கடற்கரையில் இருக்கும் அந்த இடத்தில் வருமானம் என்பது கோடை மாதங்கள் மட்டும். அதிலும் சனி, ஞாயிறுகள்தான் முக்கியம். ஒரு ஞாயிறு மழையில் நனைந்தால் அந்த வாரத்துச் சம்பளமும் வாடகையும் வட்டியும் கடனில் நிற்கும். ஜார்ஜ் டில்யூ 1897-ல் அங்கே ஸ்டீபிள்சேஸ் பார்க்கைத் திறந்தார். இரும்புத் தண்டவாளத்தில் மரக்குதிரைகளின் மேல் ஆட்கள் உட்கார்ந்து பந்தயம் ஓடுவது அதன் பெரிய ஈர்ப்பு. 1907 கோடையில் பூங்காவின் பெரும்பகுதி எரிந்து சாம்பலானது. டில்யூ அசரவில்லை. எரிந்த இடத்தைச் சுற்றிப் பார்க்கப் பத்து சென்ட் என்று பலகை எழுதி வைத்தார். எமனே எதிரில் வந்தாலும் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பேசும் ரகம்.

மறுபடி கட்டும்போது மழையையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். இரும்பும் கண்ணாடியுமாக ஏக்கர் கணக்கில் ஒரு கூடம் எழுப்பி, சறுக்கு, சுழலும் தட்டு, உருளும் பீப்பாய் என்று விளையாட்டுகளை அதற்குள் கொண்டுபோனார். ‘பெவிலியன் ஆஃப் ஃபன்’ என்று பெயர். வெளியே கொட்டினாலும் உள்ளே வசூல் நிற்காது. பக்கத்திலிருந்த ட்ரீம்லேண்ட் பூங்கா 1911-ல் எரிந்தது; எழவே இல்லை. அங்கிருந்த இன்னொரு பூங்காவான லூனா பார்க்கை 1944-ல் தீ முடித்துவைத்தது. ஸ்டீபிள்சேஸ் மட்டும் 1964 வரை ஓடியது. அந்த ஆயுளில் கூரைக்கும் பங்கு உண்டு என்று நினைக்க இடமிருக்கிறது. கூடத்தை 1966-ல் இடித்தவர் ஃபிரெட் டிரம்ப், பின்னாளில் ஜனாதிபதியானவரின் தந்தை.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில் வருடத்துக்கு ஒரு வாரம் ஆலைகளை மொத்தமாக மூடுவார்கள். எந்த ஊருக்கு எந்த வாரம் என்பது முன்பே முடிவானது. அந்த வாரத்துக்குப் பெரும்பாலும் கூலியும் கிடையாது. வருடம் முழுக்கச் சிறுவாடு சேர்த்த குடும்பங்கள் அந்த ஒரு வாரத்தில் ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும். மழை வந்தால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாது. தேதி நிலையாகும்போதே மழையின் நஷ்டம் குடும்பத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது என்பதை அங்கே முதலில் பார்க்கிறோம். பிளாக்பூல் அதற்குச் சொன்ன பதில், கூரை. 1878-ல் திறந்த வின்டர் கார்டன்ஸும், 1894-ல் திறந்த கோபுரத்தின் அடியில் அமைத்த சர்க்கஸும் நடனக் கூடமும் மழை நாளில் கூட்டத்தை விழுங்கிக்கொள்ளக் கூடியவை. பிறகு பிரிட்டிஷ் காப்பீட்டுக்காரர்கள் இன்னொரு பதிலைக் கண்டுபிடித்தார்கள். ‘ப்ளூவியஸ்’ என்ற பெயரில் மழைக் காப்பீடு. குறித்த நாளில் உள்ளூர் மழைமானியில் இத்தனை அளவுக்கு மேல் பதிவானால் இவ்வளவு பணம். திருவிழா நடத்துகிறவர்கள் எடுத்தார்கள். விடுமுறைக்குப் போகிறவர்களுக்கும் விற்றார்கள். மழையைப் பந்தயப் பொருளாக்கியதில் ஆங்கிலேயர்களுக்கு நிகர் இல்லை.

வால்ட் டிஸ்னி முதல் பூங்காவுக்கு இடம் தேடியபோது மழையே இல்லாத இடமாகப் பார்த்துக்கொண்டார் என்றே சொல்லலாம். 1953-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்திடம் பொறுப்பைக் கொடுத்தார். மக்கள்தொகை, நெடுஞ்சாலை, நிலத்தின் விலை, தட்பவெப்பம் எல்லாம் அலசி அவர்கள் காட்டிய இடம் கலிஃபோர்னியாவின் அனாஹைம். ஆண்டு முழுக்கப் பெய்வதே சுமார் 350 மி.மீ.; கோடையில் துளி விழுவது அபூர்வம். 1955 ஜூலை 17 திறப்பு நாளில் டிஸ்னிலேண்டைப் படுத்தியது வெயில். புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன.

இரண்டாவது பூங்காவில் மழையிடமிருந்து தப்பிக்க வழியில்லை. 1963 நவம்பரில் விமானத்திலிருந்து பார்த்து வால்ட் தேர்ந்தெடுத்த இடம் ஃபுளோரிடாவின் நடுப்பகுதி. கடலோரத்தைத் தவிர்த்ததற்குப் புயல் பயமும் ஒரு காரணம். ஆனால் உள்நாட்டுக்கு அதன் சொந்த மழை உண்டு. ஃபுளோரிடா ஒரு தீபகற்பம். கோடையில் நிலம் சூடேறியதும் மேற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஒரு கடற்காற்று, கிழக்கே அட்லாண்டிக்கிலிருந்து இன்னொன்று. இரண்டும் நடுவில் மோதும் இடத்தில் ஈரக்காற்று மேலே எழும்பி, பிற்பகலில் இடிமழையாக இறங்கும். ஆர்லாண்டோவின் ஆண்டு மழை சுமார் 1,300 மி.மீ. சென்னையில் பெய்வதை விடச் சற்றுத்தான் குறைவு. நம்முடைய பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். அவர்களுடையது ஜூன் முதல் செப்டம்பர் வரை. பள்ளி விடுமுறையும் அதே மாதங்களில்தான்.

வாங்கிய 27,000 ஏக்கரில் பெரும்பகுதி சதுப்பு நிலம். அதை ஒழுங்குபடுத்த வந்தவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஜோ பாட்டர். பனாமா கால்வாய்ப் பகுதியின் ஆளுநராக இருந்தவர். நாற்பது மைலுக்கும் அதிகமாக வாய்க்கால் வெட்டினார். நேர்கோடாக வெட்டினால் அழகு கெடும் என்று வால்ட் நினைத்ததால், காட்டாறு மாதிரி வளைந்து வளைந்து வெட்டினார்கள். மதகுகள்தான் இதில் சுவாரசியம். மின்சாரம் வேண்டாம், பக்கத்தில் காவலுக்கு ஆள் வேண்டாம். நீர்மட்டம் ஏறினால் மிதவை தூக்கி மதகு தானே திறக்கும். மட்டம் இறங்கினால் தானே மூடும். எந்த ஊர் மடைக்காரரும் நின்று பார்த்துவிட்டுப் போகும் ஏற்பாடு. வேலையாட்கள் அந்த வாய்க்கால்களை ஜோவின் பள்ளங்கள் என்ற பொருளில் கேலியாகப் பெயரிட்டு அழைத்தார்கள். பிறகு ஏரியில் ஓடும் பயணப் படகு ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்தது கம்பெனி.

ஏரி தோண்டிய மண்ணைக் கொட்டி, டிஸ்னி வேர்ல்டின் முதல் பூங்காவான மேஜிக் கிங்டம் இருக்கும் தரையைச் சுமார் 14 அடி உயர்த்தினார்கள். நிலத்தடி நீர் மேலேயே இருந்ததால் ஊழியர்களுக்கான சுரங்கப்பாதைகளைத் தரைமட்டத்தில் கட்டி, அதன் மேல் மண் போட்டுப் பூங்காவை அமைத்தார்கள். பார்வையாளர்கள் நடப்பது உண்மையில் முதல் மாடியில். 1971 அக்டோபர் 1-ல் பூங்கா திறந்தது. வால்ட் இறந்து ஐந்து வருடம் ஆகப்போகிற நேரம்.

இவ்வளவும் நிலத்தில் விழுந்த மழைக்கு. டிக்கெட்டில் விழுந்த மழை வேறு கதை.

ஆரம்ப காலத்து டிஸ்னி பூங்காக்களில் கூப்பன் புத்தகம் வாங்க வேண்டும். ஏ முதல் ஈ வரை வகைகள். ஈ கூப்பன்தான் விலை கூடியது, பெரிய ரைடுகளுக்கானது. இடி இடித்து ரைடை நிறுத்திவிட்டால் கூப்பன் கிழிபடாமல் கைப்பையிலேயே இருக்கும். அடுத்த முறை வரும்போது, அது எத்தனை வருடம் கழித்தானாலும், பயன்படுத்திக்கொள்ளலாம். அதாவது நடக்காத ரைடுக்குப் பணம் வீணாகாது. 1982-ல் இந்த முறையை எடுத்துவிட்டு, ஒரே கட்டணம், எத்தனை ரைடு வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். எல்லோரும் கொண்டாடிய மாற்றம்தான். ஆனால் அன்றிலிருந்து இரண்டு மணி நேரம் மழையில் நின்ற ரைடுகள் பார்வையாளரின் நஷ்டம். கோனி ஐலண்ட் முதலாளியின் தூக்கக்கேடு முழுதாகக் கைமாறியது அந்த வருடத்தில்தான் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

அதே 1982-ல் டிஸ்னி வேர்ல்டின் இன்னொரு பூங்காவாகத் திறந்த எப்காட்டில், மழையை எப்படி மரியாதையாகக் கையாளலாம் என்பதற்கு ஓர் உதாரணம் நிற்கிறது. ஸ்பேஸ்ஷிப் எர்த் என்ற அந்த ராட்சத உருண்டையின் விட்டம் 165 அடி. ஆட்கள் அதன் அடியில் நுழைந்துதான் உள்ளே போக வேண்டும். சாதாரணமாகக் கட்டியிருந்தால் ஒவ்வொரு மழைக்கும் வட்டமாக ஓர் அருவி கூட்டத்தின் தலையில் கொட்டியிருக்கும். வெளித் தகடுகளுக்கு நடுவே ஓர் அங்குலம் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறார்கள். விழும் தண்ணீர் அந்த இடுக்குகளில் புகுந்து, உள்ளேயிருக்கும் நீர்புகாத உறையின் மேல் வழிந்து, மறைவான கால்வாயில் சேர்ந்து, குழாய் வழியாகப் பூங்கா ஏரிக்குப் போகிறது. கீழே நிற்பவருக்கு ஒரு சொட்டு விழாது.

ஜப்பானியர்கள் இன்னும் முன்னெச்சரிக்கை. டோக்கியோ டிஸ்னிலேண்ட் 1983 ஏப்ரல் 15-ல் திறந்தது. ஆடி வெயிலுக்கு முன் வரும் நீண்ட மழைக்காலமும், பிறகு புயல்களும், குளிர்காலத்தில் பனியும் அந்த ஊருக்கு உண்டு என்பதால் முகப்புக் கடைத்தெரு முழுவதற்கும் கண்ணாடிக் கூரை போட்டுவிட்டார்கள். திறப்பு நாளிலேயே மழை வந்து அந்தக் கூரைக்கு வேலை கொடுத்தது. மழை இரவுகளில் அங்கே மின்விளக்கு அணிவகுப்பை ரத்து செய்துவிட்டு மழைக்கான சின்ன ஊர்வலம் ஒன்றை விடுவார்கள். மிக்கியும் கூட்டாளிகளும் மழைக்கோட்டில் வருவார்கள். 1992-ல் பாரிஸில் டிஸ்னி பூங்கா திறந்தபோது கடைத்தெருவின் இரு பக்கமும் கடைகளுக்குப் பின்னால் மூடிய நடைபாதைகள் அமைத்தார்கள். சியோலின் லோட்டே வேர்ல்டு 1989-ல் பூங்காவின் பெரும்பகுதியையே கூரைக்கு அடியில் கொண்டுபோய்விட்டது. டில்யூவின் கண்ணாடிக் கூடத்துக்கு இவையெல்லாம் பேரப்பிள்ளைகள்.

வானிலை அறிவிப்புக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. மழைக்கு நாற்பது சதவீத வாய்ப்பு என்று எண்ணிக்கையில் சொல்லும் வழக்கத்தை அமெரிக்க வானிலைத் துறை நாடு முழுக்கக் கொண்டுவந்தது 1960-களின் நடுவில். அதன் பொருள், அறிவிப்புப் பகுதியில் நீங்கள் நிற்கும் இடத்தில், குறித்த நேரத்துக்குள் குறைந்தது 0.01 அங்குலம் மழை விழுவதற்குப் பத்தில் நான்கு வாய்ப்பு என்பதுதான். எவ்வளவு நேரம் பெய்யும், எவ்வளவு பலமாகப் பெய்யும் என்று அந்த எண் சொல்வதே இல்லை. ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகரென்சரும் சகாக்களும் ஐந்து நகரங்களில் இதைக் கேட்டுப் பார்த்து 2005-ல் வெளியிட்டார்கள். முப்பது சதவீத மழை என்றால் நாளின் முப்பது சதவீத நேரம் பெய்யும் என்றும், ஊரில் முப்பது சதவீத இடத்தில் பெய்யும் என்றும் பலர் சொன்னார்கள். பெரும்பாலோர் சரியாகச் சொன்னது நியூயார்க்கில் மட்டும். ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான் நான்கிலும் இல்லை.

ஆர்லாண்டோவின் பத்து மின்னல் படங்களை இப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. காலை பளிச்சென்று இருக்கும். இரண்டு, மூன்று மணிக்கு மேகம் கட்டும். பெரும்பாலும் ஒரு மணி நேரம் அடித்து ஓய்ந்துவிடும். மின்னல் நெருங்கினால் தண்ணீர்ப் பூங்காக்களும் திறந்தவெளி ரைடுகளும் நிற்கும். முழுக்க உள்ளரங்கில் ஓடும் ஸ்பேஸ் மவுண்டன் போன்றவை தொடரும். பாதிக் கூட்டம் அறைக்குத் திரும்பிவிடுவதால் மழைக்குப் பிந்தைய மாலையில் வரிசைகள் குறையும். பழகியவர்கள் வெளி ரைடுகளைக் காலையில் முடித்துக்கொண்டு, பிற்பகலை உள்ளரங்கத்துக்கு ஒதுக்குகிறார்கள்.

புயல் மட்டும் விதிவிலக்கு. டிஸ்னி வேர்ல்டு புயலுக்காக முதன்முதலில் ஒரு நாள் முழுக்க மூடியது 1999 செப்டம்பரில், ஃபுளாய்டு வருகிறது என்று. ஃபுளாய்டு வடக்கே திரும்பிவிட்டது; ஆர்லாண்டோ தப்பியது. 2004-ல் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆகஸ்ட் 13 இரவு சார்லி ஆர்லாண்டோவைக் கடந்துபோனது. செப்டம்பர் முடிவதற்குள் ஃபிரான்சஸும் ஜீனும் வந்தன. புயல் விஷயத்தில் கம்பெனி ஒரு விதி வைத்திருக்கிறது. பயணத் தேதிக்கு ஏழு நாளுக்குள் ஆர்லாண்டோ பகுதிக்கோ, பயணியின் சொந்த ஊருக்கோ தேசியப் புயல் மையம் புயல் எச்சரிக்கை விடுத்தால், கம்பெனியிடம் நேரடியாகப் பதிவு செய்த அறையையும், அறையும் சீட்டும் சேர்ந்த பயணத் தொகுப்பையும் கட்டணமில்லாமல் தள்ளிப் போடலாம், ரத்தும் செய்யலாம். விமான டிக்கெட் அதில் சேராது. மையத்தின் எச்சரிக்கை வந்திருக்க வேண்டும். கைபேசியில் தெரியும் மேகப் படம் செல்லாது.

மூன்று மணி இடிமழைக்கு அந்த விதியில் இடமில்லை. அதற்குப் பூங்காவிலேயே மிக்கி படம் போட்ட மழையுறை விற்கிறார்கள். முதல் துளி விழுந்த சில நிமிடங்களில் கடை வாசல்களில் அது தொங்கத் தொடங்கிவிடும். விலை தெரிந்த அம்மாக்கள் கிளம்புவதற்கு முன்பே உள்ளூர் மலிவுக் கடையில் ஆளுக்கொன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்.