நோன்பும் அயலார் பந்தியும்

நோன்புடையோர் அயலார் பந்தியில் அமர நேரும்போது இரு கடமைகள் எதிர்ப்படுகின்றன. தம் நோன்பைக் காத்தல் ஒன்று; உடன் உண்போர் மனம் நோகாமல் நடத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே இயலுமா என்னும் வினாவுக்குக் காந்தியடிகளின் இலண்டன் மாணவப் பருவத்தில் விடை உண்டு.

1888ஆம் ஆண்டு அவர் சட்டம் பயிலப் புறப்படவிருந்தபோது, அயல்நாட்டு உணவுப் பழக்கத்தை எண்ணி அன்னை புத்லிபாய் அஞ்சினார். மோத் வணிகர் குலத்தில் பிறந்து சமணத் துறவு பூண்ட பேசர்ஜி சுவாமி, மது, மாது, ஊன் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று இளைஞரை உறுதி எடுக்கச் செய்தார். அதன் பின்னரே அன்னை இசைந்தார்.

செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. எந்தப் பண்டத்தில் ஊன் இல்லை என்று கேட்க அவருக்குக் கூச்சம். கத்தியும் முள்கரண்டியும் பழக்கமில்லை. ஆகவே, உடன் கொண்டுசென்ற இனிப்புகளையும் பழங்களையுமே பெரும்பாலும் தம் அறையில் உண்டார். நோன்பு காக்கப்பட்டது, எவர் மனமும் நோகவில்லை. ஆயினும் அது ஒதுங்கியிருந்ததால் கிட்டிய அமைதி.

இலண்டனில் அவ்வாறு ஒதுங்க இயலவில்லை. ஊன் உண்ணுமாறு வற்புறுத்திவந்த நண்பர் ஒருவர், நாடகத்துக்குச் செல்லுமுன் அவரை ஹோல்பார்ன் உணவகத்துக்கு அழைத்துச் சென்றார். பலர் கூடியுள்ள இடத்தில் வினவ நாணுவார் என்பது நண்பரின் கணக்கு. முதலில் சூப் வந்தது. அது காய்கறியால் ஆனதா என்று கேட்கக் காந்தியடிகள் பணியாளரை அழைத்தார். நண்பர் சினந்து, அவையில் பழகத் தெரியாவிடில் வேறிடம் சென்று உண்ணுமாறு கடிந்தார். காந்தியடிகள் மகிழ்வுடனே எழுந்து வெளியேறினார். அருகிலிருந்த சைவ உணவகம் மூடியிருந்தமையால் அன்றிரவு பட்டினி. எனினும் நண்பருடன் நாடகத்துக்குச் சென்றார். நிகழ்ந்ததைப் பற்றி இருவரும் பேசவில்லை, நட்பும் குறையவில்லை.

1891 ஜூன் மாதம் தாயகம் திரும்புமுன், சைவ உணவு நண்பர்களுக்கு விருந்தளிக்க விரும்பிய காந்தியடிகள் தேர்ந்தெடுத்த இடம் அதே ஹோல்பார்ன் உணவகம். சைவ உணவகத்தில் சைவ விருந்து கிடைப்பதில் வியப்பில்லை; பிற உணவகத்தில் ஏன் கிடைக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். மேலாளரிடம் முன்கூட்டியே பேசி, முற்றிலும் ஊனற்ற விருந்துக்கு ஏற்பாடு செய்தார். கூச்சத்தால் விருந்துரை தடைப்பட்டது. ஆனால் வந்தோர் அம்முயற்சியை உவந்து வரவேற்றனர்.

இந்நிகழ்வுகள் எவற்றிலும் அவருடைய நோன்பு தளரவில்லை. அதைப் பிறரிடம் எடுத்துரைத்த முறையே மாறியது. இரவுணவு தவிர்ப்போரும் கிழங்கு நீக்குவோரும் பயணத்தில் கட்டுச்சோறு கொண்டுசெல்வது இன்றும் நம் இல்லங்களில் உள்ள வழக்கமே. அதனை உணவகத்து மேசையில் பிரிக்குமுன் உரியவரிடம் ஒரு சொல் கேட்டல் வேண்டும். அவர் இசையாவிடில் வேறிடம் நாடுதல் வேண்டும். அதனால் நோன்புக்கு இழுக்கு நேராது. பிறர் உள்ளமும் நோகாது. பிறரை நோகச் செய்யாமையும் நோன்பின் ஒரு பகுதியே.