தொழிலாளர் கட்சித் தலைமைத் தேர்தல் (பிரிட்டன்)

பிரிட்டனின் மைய-இடதுசாரித் தொழிலாளர் கட்சி தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை. 1981 வரை எம்.பி.க்கள் மட்டுமே வாக்களித்தனர். பின்னர் எம்.பி.க்கள், உறுப்பினர்கள், தொழிற்சங்கங்கள் என்ற முத்தரப்பு வாக்கு வந்தது. 2010-ல் எட் மிலிபாண்ட் சொந்த அண்ணன் டேவிடை 1.3 சதவீத வித்தியாசத்தில் வென்றது அந்த முறையில்தான், எம்.பி.க்களும் உறுப்பினர்களும் அண்ணன் பக்கம், தொழிற்சங்கத்தினர் தம்பி பக்கம்.

2014-ல் ஆளுக்கொரு வாக்கு என்றானது. மூன்று பவுண்டு கட்டிய ஆதரவாளரும் அப்போது வாக்களிக்க முடிந்தது.

அடுத்த ஆண்டே கட்சி எம்.பி. ஜெரமி கோர்பின் களமிறங்கினார். போட்டியிட அப்போது 35 எம்.பி.க்களின் முன்மொழிவு வேண்டியிருந்தது. கெடு முடிய சில நிமிடங்களே இருக்கையில் அவருக்கு 36 சேர்ந்தது. முன்மொழிந்தவர்களில் சிலர் அவருக்கு வாக்களிக்கும் எண்ணமே இல்லாதவர்கள். விவாதம் களைகட்டட்டும் என்று கையெழுத்திட்டு, பின்னர் கையைப் பிசைந்தார்கள். கோர்பின் 59.5 சதவீதம் பெற்று முதல் சுற்றிலேயே வென்றார். 2016-ல் அவர்மீது நம்பிக்கையில்லை என 172 எம்.பி.க்கள் வாக்களித்தனர்; ஆதரவு 40 பேர். மறுதேர்தலில் உறுப்பினர்கள் அவரையே 61.8 சதவீதத்துடன் உட்காரவைத்தனர்.

கட்சிக்குள் விழும் வாக்கும் ஊர் வாக்கும் ஒன்றல்ல. 2017 பொதுத்தேர்தலில் கோர்பின் தலைமையில் கட்சி 40 சதவீத வாக்கு பெற்றும் தோற்றது. 2019-ல் 202 இடங்களுக்குச் சரிந்தது. 2024-ல், கோர்பினுக்குப் பின் தலைவரான கியர் ஸ்டார்மர் ஏறத்தாழ 34 சதவீதத்திலேயே 411 இடங்களைப் பிடித்தார். தொகுதிவாரித் தேர்தல் முறையின் விந்தை இது. அதே தேர்தலில், கட்சி சீட்டு மறுத்த கோர்பின், இஸ்லிங்டன் வடக்குத் தொகுதியில் சுயேச்சையாக நின்று தொழிலாளர் கட்சி வேட்பாளரைத் தோற்கடித்தார்.