சுமை தாங்கிய முதுகு



சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் சாலையில் நகரைத் தாண்டியதும் வருவது அம்பாங்கான். இன்று அங்கே வீடமைப்புப் பகுதிகளும் கடைவரிசைகளும் நிறைந்திருக்கின்றன. ஆனால் இந்த வட்டாரத்தில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றின் கதை, நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களின் லயங்களில் தொடங்கியது. அந்தக் கதையில் யாரும் அதிகம் எழுதாத ஒரு பக்கத்தை இன்று புரட்டிப் பார்ப்போம். அது தோட்டத்து மக்களின் முதுகைப் பற்றியது.

இருபது வயதுப் பையன் ஒருவன் முதுகு வலிக்கிறது என்று சொன்னால், வீட்டில் பெரும்பாலும் இரண்டு பேச்சுகளில் ஒன்று எழும். "இந்த வயசுல உனக்கென்னடா முதுகுவலி? நாங்க சுமக்காத சுமையா?" என்பது ஒன்று. "எலும்பு விலகியிருக்கும், தட்டிவிட்டா சரியாயிடும்" என்பது மற்றொன்று. முதற்பேச்சு அவனைச் சோம்பேறியாக்குகிறது. இரண்டாவது அவனை உடைந்த பொருளாக்குகிறது. இவ்விரண்டு பேச்சும் எங்கிருந்து வந்தன என்று அறிந்துகொண்டால், இன்றைய இளைஞன் தன் வலியைச் சரியாகப் புரிந்துகொள்ள வழி பிறக்கும்.

முதலில், சுமை வந்த வரலாற்றைக் காண்போம்.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ பூங்காவுக்குக் கொண்டு சென்றார். அங்கே முளைத்த கன்றுகளில் 22, 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரம் பட்டுப்போகாமல் பட்டையை மெல்லிதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890களில் வகுத்தளித்தார். நெகிரி செம்பிலானின் ஒரு பகுதியான சுங்கை ஊஜோங்கில் அதற்கு முன்பு காப்பி பயிரிட்டுப் பார்த்திருந்தார்கள். காப்பி விலை வீழ்ந்தது. ரப்பர் விலை ஏறியது. மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக மலைச்சரிவுகள் பால் காடுகளாயின.

காட்டை அழிக்கவும், கன்று நடவும், பால் எடுக்கவும் ஆள் வேண்டியிருந்தது. சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆற்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர்கள் வந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பின்னரும், கங்காணிகள் வழியாக ஆள் சேர்ப்பது தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு அதற்குத் தடை விதித்தது. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இளவயதினர். தோட்டத்துக்குத் தேவைப்பட்டது இளைஞனின் முதுகு.

அந்த முதுகு நாள்தோறும் என்ன செய்தது? விடியுமுன் பிரட்டு. பிறகு நிரைக்குப் போய் ஒவ்வொரு மரமாக நின்று சீவ வேண்டும். ஒருவருக்கு நானூறு ஐந்நூறு மரங்கள். புது மரத்தில் வெட்டு இடுப்புக்கு மேலே இருக்கும். சீவச் சீவ அது கீழே இறங்கும். சில ஆண்டுகளில் முழங்காலுக்கும் கீழே வந்துவிடும். அப்போது ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு முறை குனிந்து, உடலைத் திருகிக்கொண்டு, மரத்தைச் சுற்றி நகர்ந்தபடியே கத்தியை இழுக்க வேண்டும். குனிவதும் திருகுவதும் சேர்ந்து வருவதே முதுகுக்குக் கேடு என்று இன்றைய வேலையிட மருத்துவம் சொல்கிறது.

வெட்டு முடிந்ததும் பால் இறங்கக் காத்திருந்து, மங்குகளைக் காலி செய்து, வாளிகளை நிரப்ப வேண்டும். பின்னர்தான் காண்டா. தோளில் கம்பு, இரு முனையிலும் வாளி. நான்கு கேலன் வாளி ஒன்று நிறைந்தால் ஏறத்தாழ 18 லிட்டர். பாலின் எடை தண்ணீரின் எடையைவிடச் சற்றே குறைவு. ஆகவே இரு வாளிக்கும் கம்புக்கும் சேர்த்து 40 கிலோ என்று கணக்கிடலாம். அந்தச் சுமையோடு, மழையில் வழுக்கும் மண் மேட்டில், பால் தளும்பாமல் நடக்க வேண்டும். பால் சிந்தினால் எடை குறையும். எடை குறைந்தால் வருமானம் குறையும். ஆண்களைப் போலவே பெண்களும் காண்டா தூக்கினார்கள். பள்ளியை விட்ட பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு உதவியாக நிரையில் நின்றே தொழில் பழகினார்கள்.

இத்தனை முதுகுகள் வலித்தனவே, அந்த வலி எங்கே பதிவாயிற்று?

தோட்டங்களில் மருத்துவமனை வேண்டும் என்று சட்டம் வகுத்தார்கள். மலேரியா நம்மவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற காலம் அது. கொசுவே அதைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ரோஸ் 1897இல் செகந்தராபாத்தில் கண்டறிந்தார். 1901 முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டி நோயைக் குறைத்துக் காட்டினார். கொக்கிப்புழு, வயிற்றுக்கடுப்பு ஆகியவற்றுக்கும் கணக்கு வைத்தார்கள். அது பெரிய பணி; அதை நாம் மறக்கக் கூடாது. ஆனால் கணக்கில் ஏறியவை ஆளைக் கொல்லும் நோய்கள், அல்லது ஆளைப் படுக்கையில் கிடத்தும் நோய்கள். முதுகுவலி கொல்வதில்லை. வலியோடு ஒருவன் பிரட்டுக்கு வந்து நின்றுவிட்டால், செக்ரோலில் அவன் முழு ஆள்தான்.

என் பதினெட்டாவது வயதில், பள்ளி விடுமுறையில் ஒரு தோட்டத்தில் காண்டா தூக்கினேன். பத்தாம் நாள் காலையில் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தோட்டத்து மருந்தகத்தில் என் நாக்கைப் பார்த்தார்கள், காய்ச்சல் பார்த்தார்கள். "காய்ச்சல் இல்லையே தம்பி, வேலைக்குப் போகலாம்" என்றார்கள். காய்ச்சல் இருந்திருந்தால் ஓய்வு கிடைத்திருக்கும். அந்தப் பதிலில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை என்று பிற்காலத்தில் உணர்ந்தேன். அவர்களிடம் இருந்த அளவுகோல் வெப்பமானி ஒன்றுதான். அது முதுகை அளக்காது.

மருந்தகம் கைவிட்ட இடத்தில் லயம் கைகொடுத்தது. சுளுக்கு வழிப்பவர் விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தடவி வழிப்பார். நொச்சி இலை ஒத்தடம் கொடுப்பார்கள். காலால் பிறந்தவர் இடுப்பில் மிதித்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்ற நம்பிக்கையும் இருந்தது. அப்படிப் பிறந்தவருக்குத் தோட்டத்தில் தனி மதிப்பு. இவற்றை நாம் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. சூடும் இதமான தடவலும் இறுகிய தசையை இளக்கும். "படுத்துக்கொள், நான் பார்க்கிறேன்" என்று ஒருவர் சொல்வதே பாதி ஆறுதல். ஆனால், எலும்பு நோய் உள்ள முதுகை மிதித்தால் பெருந்தீங்கு நேரும். எந்த முதுகு எப்படிப்பட்டது என்று அறிய அங்கே வழியில்லை.

அந்த வழியை உலகம் எப்படிக் கண்டது என்பதை இனிப் பார்ப்போம்.

1895ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய நெகிரி செம்பிலான் ஒரே மாநிலமாக இணைந்தது அந்த ஆண்டில்தான். அதே ஆண்டில் ஜெர்மனியில் ரோண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டில் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டேனியல் பால்மர் என்பவர், முதுகெலும்பு இடம் விலகுவதே நோய்களுக்கு மூலகாரணம் என்றும், அதைக் கையால் தட்டிச் சரிசெய்யலாம் என்றும் கூறி ஒரு புதிய சிகிச்சை முறையைத் தொடங்கினார். எலும்பு விலகல் என்ற கருத்து உலகெங்கும் பரவியது. நம் ஊர்ச் சுளுக்குக்காரரின் பேச்சும் அதோடு ஒத்துப்போயிற்று. ஆனால் எல்லா நோய்க்கும் எலும்பு விலகலே மூலம் என்ற கொள்கை ஆராய்ச்சியில் நிலைபெறவில்லை. கையால் அளிக்கும் சிகிச்சை, சில வகை இடுப்பு வலிக்குச் சிறிதளவு பயன் தரலாம் என்பதுதான் இன்றைய முடிவு.

1934இல் அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் ஆகிய இருவரும் வேறொரு உண்மையை வெளியிட்டார்கள். முதுகெலும்புக் கட்டைகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் இருக்கின்றன. வட்டின் வெளிவளையம் கிழிந்து, உள்ளிருக்கும் கூழ்ப்பொருள் பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி இடுப்பிலிருந்து கால் வரை இறங்கும். இதைத்தான் வட்டு நழுவிவிட்டது என்கிறோம். உண்மையில் வட்டு நழுவுவதில்லை. அது எலும்போடு உறுதியாக ஒட்டியிருக்கிறது. என் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்ததும் எலும்பு இடம் மாறியதால் அன்று. வலிக்கும் இடத்தைக் காக்கத் தசைகள் இறுகிப் பிடித்ததால் வந்த சாய்வு அது. வலி தணிந்ததும் சாய்வும் நேராயிற்று.

நிலையான வளைவு வேறு. வளரும் பருவத்தில் சிலருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது காணப்படும். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் இன்னதென்று தெரியாது. புத்தகப் பை சுமந்ததால் வந்தது, கோணி உட்கார்ந்ததால் வந்தது என்று பிள்ளையைத் திட்டுவது தவறு.

காசநோயால் வரும் கூன் இன்னொன்று. அதை 1779இல் விரிவாக எழுதியவர் ஆங்கில மருத்துவர் பெர்சிவல் பாட். முன்பெல்லாம் இந்நோயாளிகளை மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடத்தினார்கள். அது தேவையில்லை, ஒழுங்காக மருந்து உட்கொண்டால் பெரும்பாலோர் நடமாடிக்கொண்டே குணமடையலாம் என்று 1960களிலிருந்து கொரியாவிலும் பிறகு சென்னையிலும் நடந்த ஆய்வுகள் நிலைநாட்டின. அதில் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இளைஞர்களைத் தாக்கும் மற்றொரு நோய், முதுகெலும்பை இறுகச் செய்யும் வாதம். காலையில் விறைப்பு அதிகமாக இருக்கும், நடமாடினால் குறையும், ஓய்வெடுத்தால் கூடும். இதற்குப் பரம்பரைத் தொடர்பும் உண்டு.

சாதாரண முதுகுவலிக்கும் நெடுநாள் படுக்கையே மருந்து என்ற எண்ணம் பல தலைமுறை நிலவியது. 1986இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, இரண்டு நாள் படுத்தவர்களும் ஏழு நாள் படுத்தவர்களும் ஒரே மாதிரி தேறினார்கள் என்று காட்டியது. அதன்பின், இயன்றவரை நடமாடுங்கள் என்பதே மருத்துவ அறிவுரை ஆயிற்று.

மருத்துவம் முன்னேறியது. சட்டம் என்ன செய்தது? 1952இல் இந்நாட்டில் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வந்தது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, பி. பி. நாராயணன் தலைமையில் சம்பளத்துக்கும் நலனுக்கும் பேரம் பேசியது. 1969இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1971இல் சொக்சோ செயற்படத் தொடங்கியது. கை துண்டானால், மரம் விழுந்தால் நட்டஈடு கேட்க வழி பிறந்தது. ஆனால் விபத்து என்றால் நாளும் நேரமும் காட்ட வேண்டும். பத்தாண்டு காண்டா தூக்கித் தேய்ந்த முதுகுக்கு எந்த நாளைக் காட்டுவது?

1967இல் அனைத்துலகத் தொழில் நிறுவனம் ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. உடல்நலத்தைக் கெடுக்கக்கூடிய எடையை எந்தத் தொழிலாளியும் சுமக்கும்படி செய்யக் கூடாது என்பது அதன் சாரம். உடன்வந்த பரிந்துரை, வயது வந்த ஆணுக்கு 55 கிலோவை உச்சமாகக் குறித்தது. பெண்களுக்கும் இளையோருக்கும் அதைவிட நன்கு குறைவாக இருக்க வேண்டும் என்றது. மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் விவசாயத் தொழிலையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. 2017இல் வெளியான அரசாங்க வழிகாட்டி, உடலை ஒட்டி இடுப்புயரத்தில் தூக்குவதற்கே ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ என்று அளவு கூறுகிறது. தரையிலிருந்து தூக்குவதற்கு அளவு இன்னும் குறைவு. அந்த எண்ணைக் காண்டா வாளியின் 40 கிலோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தூக்குவதும் சுமப்பதும் ஒன்றல்லதான், ஆயினும், "நாங்க சுமக்காத சுமையா?" என்று கேட்கும் பாட்டி எவ்வளவு சுமந்தார் என்பது அப்போது விளங்கும். சுமந்தார் என்பதால் அது சுமக்கத் தக்க சுமை என்று ஆகிவிடாது.

நேயர்களே, காண்டாவின் காலம் பெரிதும் முடிந்துவிட்டது. செம்பனைக் குலையும், கிடங்குப் பெட்டியும், தொழிற்சாலையில் பன்னிரண்டு மணிநேர நிற்பும், கணினி முன் அமர்வும் இன்றைய இளைஞர்களின் சுமைகள். இடுப்புவலியோடு வாழ்ந்தவர்கள் 2020இல் உலகில் சுமார் 62 கோடிப் பேர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. ஆகவே, முதுகு வலிக்கும் இளைஞன் தனி ஆள் அல்லன், சோம்பேறியும் அல்லன்.

அவனுக்குச் சொல்ல வேண்டியவை சில. பெரும்பாலான முதுகுவலி சில வாரங்களில் தணியும், அஞ்சிப் படுத்துவிடாதே. நட, மெல்ல மெல்லத் தசைக்கு வலிமை சேர். சுமையை உடலோடு ஒட்டிப் பிடி, திருகித் தூக்காதே. ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ, உடனே மருத்துவமனைக்கு ஓடு. காய்ச்சலும் எடைக் குறைவும் இரவு வலியும் சேர்ந்தாலும், காலை விறைப்பு மூன்று மாதம் நீடித்தாலும் மருத்துவரைப் பார். அதுவரை யாரையும் முதுகில் மிதிக்க விடாதே. வேலையால் வந்த வலி என்றால், எப்போது தொடங்கியது, என்ன தூக்கினாய் என்று தேதியோடு எழுதி வை; மருத்துவரிடமும் மேற்பார்வையாளரிடமும் சொல்.

நம் முன்னோரின் முதுகுவலி எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவர்கள் பேரப்பிள்ளையின் வலியாவது ஏறட்டும்.