கல்வராயன் மலையில் ஒருங்கிணைந்த ஆரம்ப சுகாதாரம்

மகப்பேறு, தடுப்பூசி, காய்ச்சல், காசநோய், சர்க்கரை, இரத்த அழுத்தம் என எதுவானாலும் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரே நிலையத்தில் ஒரே பணியாளர் குழு கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒருங்கிணைந்த ஆரம்ப சுகாதாரம் எனப்படும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே உள்ள கல்வராயன் மலை, இந்த ஏற்பாடு எங்கே நிற்கிறது, எங்கே அறுந்துபோகிறது என்பதைக் காட்டும் இடம்.

மலையும் மக்களும்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் இரண்டாகப் பிரித்துச் சொல்லப்படும். வடக்கிலுள்ளது சின்னக் கல்வராயன், சுமார் 2,700 அடி உயரம். தெற்கிலுள்ள பெரிய கல்வராயன் 4,000 அடி வரை எழும். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு ஆகியவை கள்ளக்குறிச்சிப் பக்கம். கருமந்துறை சேலம் பக்கம். மாவட்ட எல்லை மலையின் குறுக்கே ஓடுவதால், சில ஊர்களுக்கு நடந்து சேரக்கூடிய நிலையம் அடுத்த மாவட்டத்தில் இருக்கும். பதிவேடோ சொந்த மாவட்டத்தில் இருக்கும்.

இங்கு பெரும்பான்மையோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டியதில்லை. மலைவாழ் மக்கள் என்பதே பொருள், பேச்சு தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய அண்ணன் தம்பிகளின் வழிவந்தோம் என்பது இவர்களது மரபுக் கதை. தென்னிந்தியக் குலங்கள் பற்றிய எட்கர் தர்ஸ்டனின் 1909-ஆம் ஆண்டுத் தொகுப்பு இத்தகைய கதைகளைப் பதிவு செய்துள்ளது. சாமை, கேழ்வரகு, மரவள்ளி பயிரிடுகிறார்கள், காட்டில் கடுக்காய் பொறுக்குகிறார்கள். சித்த மருந்துக்கடைகளுக்குக் கடுக்காய் அனுப்பும் மலை, தன் காய்ச்சலுக்கு மாத்திரை தேடிக் கீழே இறங்கியது நெடுங்காலம்.

விஜயநகரக் காலத்தில் கிருஷ்ணதேவராயர் வழங்கியதாகச் சொல்லப்படும் ஜாகீர்கள் மூன்று: சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் ஆகியோருடையவை. வரியும் வழக்கும் அவர்கள் கையில் இருந்தன. நாடு விடுதலை பெற்ற பின்னும் இது தொடர்ந்தது. அரசு மலையை நேரடி நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தது 1976-இல்தான். சுகாதாரம் பற்றிய கட்டுரையில் ஜாகீர் எதற்கு என்று கேட்கலாம். சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-இல் வந்தது. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை 1946-இல் வெளியாயிற்று. அதையொட்டி 1952 முதல் நாடெங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழுந்தன. கல்வராயன் முழுமையாக அரசின் கீழ் வந்ததற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1978-இல், அல்மா-அட்டாவில் உலக நாடுகள் ஆரம்ப சுகாதாரத்தைப் பிரகடனம் செய்துகொண்டிருந்தன. மலையின் பின்னடைவுக்கு மக்களின் அறியாமையைக் காரணம் காட்டுவோர் இந்த ஆண்டுகளை ஒருமுறை வரிசையாகப் பார்ப்பது நல்லது.

அமைப்பு

சமவெளியில் 30,000 பேருக்கும் மலையில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். துணை சுகாதார நிலையத்துக்கு அதுவே முறையே 5,000, 3,000. துணை நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர், ஊராருக்கு அவர் நர்சம்மா. பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளுக்கென்றே தமிழகம் ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களை வைத்தது. சித்த மருத்துவப் பிரிவும் பல நிலையங்களில் ஒரே கூரையின் கீழ் உண்டு.

கூரை ஒன்றானாலும் நிர்வாகம் மூன்று. ஆரம்ப சுகாதார நிலையம் பொதுச் சுகாதார இயக்ககத்துக்கும், வட்ட மருத்துவமனை மருத்துவப் பணிகள் இயக்ககத்துக்கும், கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்ககத்துக்கும் உரியவை. மலையில் "எழுதிக் கொடுத்து அனுப்பிட்டாங்க" என்ற பேச்சு இந்த எல்லைகளைத் தாண்டும் பயணத்தைக் குறிக்கும்.

நோயாளிகளும் பணியாளர்களும்

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு, புதன்கிழமை தடுப்பூசிக்கு என்ற ஒழுங்கு மலையிலும் உண்டு. கர்ப்பிணிக்கு அது ஒருநாள் கூலியையும் பேருந்தையும் சேர்த்த கணக்கு. வண்டி போகாத குக்கிராமத்திலிருந்து டோலி கட்டித் தூக்கி வருவதும் உண்டு. 2008-இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சாலை முடியும் இடம் வரைதான் வரும். மலைப்பகுதி நிலையங்களில் அமைக்கப்பட்ட பிரசவக் காத்திருப்பு அறைகள் இதற்கான விடை: நாள் நெருங்குமுன்னே, துணைக்கு ஒருவருடன் வந்து தங்கிவிடலாம். இருந்தும் ஆடு மாடு, மூத்த பிள்ளைகளை யாரிடம் விட்டுவருவது என்பதே முதல் கேள்வி. காப்பித் தோட்ட வேலைக்குக் குடும்பத்தோடு குடகுக்கும் கேரளத்துக்கும் போகிறவர்களுக்குத் தடுப்பூசி அட்டையும் சுகர் மாத்திரையும் இடையில் நின்றுபோகின்றன.

பணியாளர் பக்கம் வேறு கணக்கு. எளிதில் சென்றடைய முடியாத பகுதியில் பணியாற்றும் அரசு மருத்துவருக்கு முதுகலை நுழைவுத் தேர்வில் ஆண்டுக்கு 10 விழுக்காடு, அதிகபட்சம் 30 விழுக்காடு ஊக்க மதிப்பெண் என விதி வகுக்கப்பட்டது. மருத்துவரை மலைக்கு வரவழைக்கும் ஏற்பாடே அவர் இறங்கிப் போகும் வழியையும் திறந்து வைத்திருக்கிறது. மருத்துவர் மாறிக்கொண்டே இருக்க, ஊருக்குத் தெரிந்த முகமாகச் செவிலியரே மிஞ்சுகிறார். சொல்லப்படாத கர்ப்பம், கணவனின் சாராயம், விட்டுப்போன மாத்திரை எல்லாம் அவர் காதுக்கே முதலில் வருகின்றன. பதிவேடுகளும் கணினிப் பதிவும் அவர் தலையில்தான்.

கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் இடையே தருமபுரி மாவட்டத்திலுள்ள சிட்டிலிங்கியில் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி 1993-இல் ஓலைக் குடிசையில் தொடங்கிய டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் வேறு வழியைக் காட்டியது. உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். பின்னர் இயற்கை வேளாண்மையும் லம்பாடிப் பூத்தையலும் அதே பணியின் கிளைகளாயின. மலையிறங்கிப் போகாத முகங்கள் அங்கே கிடைத்தன.

தற்கால நிலை

கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமானது. வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021-இலும், அரசு மருத்துவக் கல்லூரி 2022-இலும் வந்தன. கள்ளக்குறிச்சியில் நேர்ந்த 2024 ஜூன் மாதக் கள்ளச்சாராயச் சாவுகளை அடுத்து, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.