எண்ணிப் பாராத லாச்சி

2014இல் பிட்கொயின் விழுந்து போச்சு எண்டு கனபேர் நினைச்சினம். உண்மையில் விழுந்தது பிட்கொயின் இல்லை, அதை வாங்கி விற்ற ஒரு கடை: டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் கொக்ஸ்.

அந்த இணைய முகவரியை 2007இல் ஜெட் மெக்கேலப் பதிவு செய்தது ‘மஜிக்’ என்ற விளையாட்டின் சீட்டுகளைக் கைமாற்றுவதற்காக. 2010இல் அதையே பிட்கொயின் சந்தையாக்கினார். 2011 மார்ச்சில் மார்க் கார்ப்பெலெஸுக்கு விற்றார். அதே வருஷம் ஜூனில் ஊடுருவல் ஒன்று நடந்து, 17 டொலர் அளவில் இருந்த விலை அந்தத் தளத்தில் ஒரு சதத்துக்கு விழுந்தது.

ஒரு கடைக்கு அதுவே போதுமான எச்சரிக்கை. ஆனால் கூட்டம் கூடினதே தவிர, வேலைமுறை திருந்தேல்லை. ஒரு கட்டத்தில் உலகின் பிட்கொயின் வர்த்தகத்தில் சுமார் 70 வீதம் இங்கேதான் நடந்தது. அதே காலத்தில், இணையத்தோடு தொடர்பிலிருந்த பணப்பையிலிருந்து நாணயங்கள் களவு போய்க்கொண்டே இருந்தன. 2011இலேயே அது தொடங்கியிருந்தது என்பது பின்னர் ஆராய்ந்தபோதுதான் தெரியவந்தது.

ஏன் ஒருத்தருக்கும் தெரியேல்லை? பிட்கொயினின் பேரேடு எல்லாருக்கும் திறந்தது. ஆனால் வாடிக்கையாளர் திரையில் பார்த்த மீதி, நிறுவனம் தன் கணினியில் எழுதிவைத்த இலக்கம் மட்டும்தான். சந்திக் கடைக்காரர்கூட இரவில் லாச்சிக் காசை எண்ணிக் கொப்பியோடு ஒத்துப் பார்ப்பார். இங்கே அது ஒழுங்காக நடக்கேல்லை.

2014 பெப்ரவரி 7இல் பிட்கொயின் மீளப்பெறுவதை நிறுத்தினார்கள். மென்பொருள் குறைபாட்டைக் காரணம் காட்டினார்கள். 28ஆம் திகதி நீதிமன்றத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டார்கள். காணாமல் போனது சுமார் 850,000 பிட்கொயின். அதில் 750,000 வாடிக்கையாளருடையது. அடுத்த மாதம், பழைய பணப்பை ஒன்றில் 200,000 கிடைத்ததாக அறிவித்தார்கள். தொலைந்ததைவிட இந்தக் கண்டெடுப்புத்தான் என்னைத் திகைக்க வைத்தது. கையில் என்ன இருக்கெண்டே தெரியாமல் ஒரு சந்தையை நடத்தியிருக்கினம்!

2019இல் டோக்கியோ நீதிமன்றம் கார்ப்பெலெஸைக் கையாடல் குற்றத்திலிருந்து விடுவித்தது. கணக்குத் தரவுகளை மாற்றியதற்காக ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தது. வாடிக்கையாளருக்குப் பிட்கொயினைத் திருப்பிக் கொடுக்கும் வேலை தொடங்கியது 2024 ஜூலையில். பத்து வருஷக் காத்திருப்பு. அதுவும் போட்டதில் ஒரு பகுதிக்காக.

வங்கியை நம்பத் தேவையில்லை எண்டு சொல்லி வந்த காசு இது. கடைசியில் அதை வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர், வங்கிக்கு இருக்கிற கண்காணிப்புக்கூட இல்லாத ஒரு அலுவலகத்தை நம்பியிருந்தார்கள். இப்ப உங்கட போனிலும் அப்படி ஒரு செயலி இருக்கலாம். அதில் தெரியிற இலக்கத்துக்குப் பின்னால காசு இருக்கோ எண்டு கடைசியாக எண்ணிப் பார்த்தது ஆர்?