நாலு மேரி

என் அத்தைக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து மாலை நாலு மணிக்கு அவர் சொல்வது மாறியதே இல்லை: "சக்கர போடாம டீ குடு கண்ணு. நாலு மேரி வை."

மேரி என்றாலே போதும், பிஸ்கட் என்று சேர்த்துச் சொல்லத் தேவையில்லை. மளிகைக் கடையில் 'சுகர் இருக்கிறவங்களுக்கு' என்று கேட்டால் கடைக்காரர் கை தானாக அந்தப் பாக்கெட்டுக்குத்தான் போகும். காய்ச்சலில் கிடப்பவருக்கு மேரி. வயிறு சரியில்லாத குழந்தைக்கு மேரி. ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவர் பையிலும் அதுதான். பிள்ளையின் கையிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்குகிற தாய், அதே கையால் மேரியைப் பிரித்துக் கொடுக்கிறாள். நம் பேச்சில் அது பண்டத்தின் பெயர் என்ற நிலையைத் தாண்டி, 'ஒன்றும் செய்யாதது' என்று பொருள்படும் சொல்லாகவே ஆகிவிட்டது. அந்தப் பொருள் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது?

மேரி ஒரு மணப்பெண். ருஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாண்டரின் மகள். முழுப்பெயர் மரியா அலெக்சாண்ட்ரோவ்னா. விக்டோரியா மகாராணியின் இரண்டாவது மகன் ஆல்ஃபிரடுக்கும் அவருக்கும் 1874 ஜனவரியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனையில் கல்யாணம் நடந்தது. அதையொட்டி லண்டன் பெர்மாண்ட்சி பகுதியிலிருந்த பீக் ஃப்ரீன் பிஸ்கட் ஆலை வட்டமான புது பிஸ்கட் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்து, மணப்பெண் பெயரின் பிரெஞ்சு வடிவமான 'மரீ' என்பதை அதன் முகத்தில் அச்சுக் குத்தியது. இந்தப் பிறப்புக் கதையில் வைத்தியர் இல்லை, நோயாளி இல்லை. ஊரெல்லாம் பேசிய ஓர் அரச கல்யாணமும், அந்தப் பேச்சை விற்பனையாக்கத் தெரிந்த ஓர் ஆலையும்தான் உண்டு.

ஸ்பெயினுக்குப் போனபோது அது 'மரியா' ஆனது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு அங்கே கோதுமை மிகுந்தபோது, மலைமலையாக மரியா பிஸ்கட் செய்து அடுக்கினார்கள். நாடு எழுந்து நிற்பதன் அடையாளமாகவே அது கருதப்பட்டது. நம்மிடம் வந்த 'மரீ' மேரி ஆயிற்று. தமிழ்க் காதுக்கு மேரி ஏற்கெனவே பழகிய பெயர். மாதாவின் பெயர், மிஷன் பள்ளி டீச்சரின் பெயர், ஆஸ்பத்திரி நர்ஸம்மாவின் பெயர். அந்தப் பெயரோடு நாம் வைத்திருந்த நம்பிக்கையில் கொஞ்சம் இந்த வட்டத் துண்டின் மேலும் படிந்திருக்கும் என்பது என் ஊகம்.

தோற்றமும் துணை நின்றது. வெளிறிய நிறம், மெல்லிய உடம்பு, கிரீம் கிடையாது, சாக்லேட் கிடையாது. மேலே வரிசையாகப் புள்ளித் துளைகள். அடுப்பில் நீராவி வெளியேறி பிஸ்கட் உப்பாமல் தட்டையாக வேக வேண்டும் என்பதற்காகப் போடுகிற துளைகள் அவை. 'லேசானது' என்று நாம் படித்துக்கொண்டது பேக்கரித் தொழிலின் ஓர் உத்தியை.

பிஸ்கட் என்ற சொல்லின் கதை இன்னும் பழையது. லத்தீனில் 'பிஸ் கோக்டுஸ்', இருமுறை வெந்தது. நீண்ட கடற்பயணத்தில் கெடாமலிருக்க, மாவும் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கல்லாகச் சுட்டு உலர்த்திய கப்பல் ரொட்டி. இங்கிலாந்துக் கடற்படையில் ஒரு மாலுமிக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு என்று அளந்து கொடுத்தார்கள். சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை. உயிரைப் பிடித்துவைக்கும் உணவு, அவ்வளவுதான். போர்த்துக்கீசியர் இச்சொல்லைத் தங்கள் உச்சரிப்பில் நம் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை வந்த அதே வழியில்தான் பிஸ்கோத்தும் வந்தது. யாழ்ப்பாணத்தில் அது விசுக்கோத்து. தமிழ்நாட்டில் ஆங்கிலம் 'பிஸ்கட்'டைக் கொடுத்தபின் பழைய பிஸ்கோத்து, 'அதெல்லாம் ஒரு பிஸ்கோத்து விஷயம்' என்று அற்பத்தைக் குறிக்கும் பேச்சுவழக்காக மிஞ்சிவிட்டது.

அதே கப்பலின் மேல்தளத்தில் இன்னொரு சொல்லும் கிடந்தது. நைந்துபோன பழைய கயிற்றை மாலுமிகள் 'ஜங்க்' என்றார்கள். 18ஆம் நூற்றாண்டில், உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்த மாட்டிறைச்சிக்கும் அந்தப் பெயரை ஒட்டினார்கள். கயிற்றை மெல்வதுபோல அது பல்லுக்கு வசப்படாதாம். பிறகு கரையேறிய சொல், உடைந்ததும் கழிந்ததுமான எல்லாவற்றுக்கும் பெயரானது. 1970களில், வாஷிங்டனில் நுகர்வோர் நலனுக்காக இயங்கிய மைக்கேல் ஜேக்கப்சன் போன்றவர்களின் பிரசாரத்தால் 'ஜங்க் ஃபுட்' உலகெங்கும் பரவியது. ஆக, ஒரு மாலுமியின் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவை பிஸ்கட்டும் ஜங்கும். இன்று ஜங்க் என்றதும் பர்கர், பீட்சா, சிப்ஸ், கோலா என்று எண்ணுகிறோம். பிஸ்கட் இதற்கிடையில் மைதாவும் சர்க்கரையும் பாமாயிலுமாகத் தன்னை முழுக்க மாற்றிக்கொண்டுவிட்டது. ஆனாலும் வசவுப் பட்டியலில் அதன் பெயர் ஏறவில்லை.

தமிழில் ஜங்க் ஃபுட்டுக்கு நொறுக்குத்தீனி என்று எழுதுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜங்க் என்பது பண்டத்தின் தரத்தைப் பழிக்கும் சொல். நொறுக்குத்தீனி தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பல்லில் நொறுங்குவது, வேளைச் சாப்பாட்டுக்கு வெளியே தின்பது, அவ்வளவுதான் அதன் பொருள். வறுத்த கடலையும் நொறுக்குத்தீனி, உருளைக்கிழங்கு சிப்ஸும் நொறுக்குத்தீனி. டீயில் முக்கினால் கரைந்துபோகும் மேரியோ நொறுங்குவதே இல்லை! சொல்லின் வேலிக்கு வெளியே அது பத்திரமாக நிற்கிறது. கடலையை ஒதுக்கிவிட்டு மேரியை எடுக்கும் கையை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். புரதமும் நார்ச்சத்தும் உள்ளதைத் தள்ளி, இரண்டும் குறைந்ததை எடுக்கிறார்கள். அதுவும் நல்லது செய்கிறோம் என்ற முழு மனதோடு.

இப்படிப் பெயரால் தப்பித்த உறவினர்கள் மேரிக்கு உண்டு. 'டைஜஸ்டிவ்' என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் எழுந்தது. மாவில் சேர்க்கும் சமையல் சோடா வயிற்றுப் புளிப்பை அடக்கும் என்ற எண்ணத்தில் வைத்த பெயர். சூளைச் சூட்டில் அந்தச் சோடா சிதைந்து வேறாகிவிடுகிறது. பெயர் மட்டும் சிதையவில்லை. இன்று விற்கும் பெரும்பாலான டைஜஸ்டிவ் பிஸ்கட்டில் மேரியைவிட ஏறக்குறைய இருமடங்கு கொழுப்பு இருக்கிறது. கோதுமைத் தவிட்டின் நார் கொஞ்சம் கூடுதலாக இருப்பது உண்மை, அந்த ஒன்றை மறுக்கவில்லை.

'குளுக்கோஸ் பிஸ்கட்' கதைதான் என்னை அதிகம் வருத்துவது. பார்லே நிறுவனம் 1930களின் இறுதியில் 'பார்லே குளுகோ' என்று கொண்டுவந்தது. இன்றைய பெயரில் இருக்கும் 'ஜி' அந்தக் குளுக்கோஸின் மிச்சம். இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிரெஞ்சு வேதியியலார் ஆக்கிய பெயர் குளுக்கோஸ். நமக்கோ அது தெம்பின் பெயர். மயங்கி விழுந்தவருக்கு 'குளுக்கோஸ் ஏத்தினாங்க' என்று கேட்டுக் கேட்டு, அந்தப் பெயர் தாங்கிய பிஸ்கட்டைப் பிள்ளைக்குப் பாலில் கரைத்து ஊட்டினோம். ரத்தத்தில் கூடிவிட்டதாக மருத்துவர் எழுதித் தருகிற பொருள் எதுவோ அதுவேதான் இது என்று யாரும் நமக்கு விளக்கிச் சொல்லவில்லை.

இங்கேதான் நோயின் பெயருக்கு வர வேண்டியிருக்கிறது. தமிழில் அதற்குப் பழைய பெயர் நீரிழிவு. இழிதல் என்றால் கீழே வழிதல். உடம்பிலிருந்து நீர் ஓயாமல் வழிந்துபோகிறது என்று பொருள். கிரேக்கர்கள் வைத்த 'டயபெடிஸ்' என்பதற்கும் ஊடாக ஓடிப்போவது என்பதே பொருள். இரண்டு பெயரும் உடம்பில் நடப்பதைச் சொல்கின்றன. நாம் அதை விட்டுச் 'சர்க்கரை' என்றோம், 'சுகர்' என்றோம். இரண்டும் ஒரே சொல்தான். பொடிக்கல்லைக் குறித்த வடமொழிச் சர்க்கரா, அரபியில் சுக்கர் ஆகி, ஐரோப்பாவைச் சுற்றி, ஆங்கிலம் வழியாக நம்மிடமே திரும்பியது. ஆனால் நோய்க்கு ஒரு மளிகைச் சாமானின் பெயரை வைத்ததும், அந்தச் சாமானை மட்டும் விலக்கினால் நோய் விலகும் என்ற எண்ணம் வந்துவிட்டது. வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தியவர் நாட்டுச் சர்க்கரைக்கு மாறுகிறார், தேனுக்கு மாறுகிறார், கருப்பட்டிக் காப்பி குடிக்கிறார். மேரி தின்கிறார். 'சர்க்கரையே தொடறதில்ல, ஆனா குறையமாட்டேங்குது' என்று மருத்துவர் எதிரே அழுகிற ஒருவர் பொய் சொல்லவில்லை. அவர் நம்பியது அந்தப் பெயரை. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் கணக்கில் இந்நாட்டில் இந்நோய் உள்ளவர்கள் 10.1 கோடி. இத்தனை பேர் ஒரு சொல்லைக் கைகாட்டி மரமாக வைத்துக்கொண்டு நடக்கிறார்கள் என்றால், அந்தக் கைகாட்டி சரியான பக்கம் பார்க்க வேண்டாமா?

ஒரு மாலை அத்தையின் பாக்கெட்டைத் திருப்பிப் படித்துக் காட்டினேன். சேர்மானப் பட்டியலை எடையில் அதிகமானது முதலில் வரும்படி அச்சிட வேண்டும் என்பது விதி. முதலில் மைதா. அடுத்தது சர்க்கரை. பிறகு பாமாயில். மேரி வகை பிஸ்கட்டுகளில் பொதுவாக 100 கிராமுக்கு 440 கிலோகலோரிக்குக் குறையாது. சர்க்கரை 20 கிராமைத் தாண்டும். நாலு பிஸ்கட் என்பது 20 கிராம் சொச்சம். அதில் 5 கிராம்போலச் சர்க்கரை, அதாவது ஒரு டீஸ்பூனுக்குச் சற்று மேல். டீயில் போட வேண்டாம் என்று 11 ஆண்டுகளாகக் கையை நீட்டித் தடுத்த அதே ஒரு ஸ்பூன், தட்டு வழியாக வந்துகொண்டிருந்தது. மைதாவின் மாவுச்சத்து வயிற்றுக்குள் விரைவாகக் குளுக்கோஸாவது இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இத யாருடா அப்ப சொன்னது, சுகருக்கு இதுதான் நல்லதுன்னு?" என்றார். தேடிப் பார்த்தால் சொன்னவர் என்று ஒருவரும் இல்லை.

2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின்கீழ் விற்க வேண்டாம் என்று இணையக் கடைகளுக்கு அறிவுறுத்தியது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகைக்கு வரையறையே இல்லை என்பது காரணம். அதே மாதம் ஹார்லிக்ஸை விற்கும் நிறுவனமும் அதன் வகைப்பெயரிலிருந்து 'ஹெல்த்' என்ற சொல்லை எடுத்தது. நல்ல காரியம், ஆனால் அட்டையில் அச்சான சொல்லைத்தான் அரசு எடுக்கச் சொல்ல முடியும். மேரியின் அட்டையில் அதன் பெயர்தான் இருக்கிறது. அதற்கு மருந்தின் பொருளைக் கொடுத்தது நம் அடுக்களையும் ஆஸ்பத்திரி வராந்தாவும்.

அத்தை இப்போது நாலு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் எடுத்துக்கொள்கிறார், அல்லது வறுத்த கடலை. போன வாரம் அவருக்குக் காய்ச்சல். பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பாக்கெட் மேரியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் படியிறங்கும்வரை காத்திருந்த அத்தை, படுத்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"அந்த மைதாப் பாக்கெட்ட எடுத்து உள்ள வை கண்ணு."