கடையில் வாங்கிய வண்டி: சிகாகோவிலிருந்து செட்டிபாளையம் வரை

1/
கோவையில் இருந்து செட்டிபாளையம் பக்கம் போனா 'கரி மோட்டார் ஸ்பீட்வே'ன்னு ஒரு ரேஸ் டிராக் இருக்குதுங்க. கரின்னா யாருன்னு கேட்டா இன்னைக்கு நிறைய பசங்களுக்குத் தெரியறதில்லை. அவர் செஞ்சது எவ்வளவு பெரிய காரியம்னு புரியணும்னா, கதையை அமெரிக்காவில் ஆரம்பிக்கணும். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா வாங்க.

2/
1895 நவம்பர் 28. சிகாகோவில் பனி கொட்டிக் கிடக்கு. சுமார் 54 மைல் தூரத்துக்கு ஒரு மோட்டார் பந்தயம். கிளம்பினது ஆறு வண்டி, ஊர் வந்து சேர்ந்தது ரெண்டே வண்டி. ஜெயிச்ச ஃபிராங்க் துரியேவுக்கு 10 மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அன்னைக்குக் கேள்வி "யார் முதல்?" இல்லை. "வண்டி போய்ச் சேருமா?" என்பதுதான்.

3/
அடுத்த 15 வருஷத்தில் கார் கம்பெனிகள் பெருகின. பந்தயம்தான் விளம்பரம். ஆனா அதுல ஒரு சிக்கல். பந்தயத்துக்குன்னே ராட்சத இன்ஜின் வச்சு ஒரு வண்டி செய்வாங்க. அது ஜெயிக்கும். அந்தப் பேரை வச்சுக் கடையில் விற்கறது வேற வண்டி. "ஜெயிச்ச வண்டியும் நான் வாங்கற வண்டியும் ஒண்ணா?" இந்தக் கேள்விக்குப் பதிலாப் பிறந்ததுதான் 'ஸ்டாக் கார்'. ஸ்டாக் என்றால் கடையில் இருப்பில் உள்ள சரக்கு. அவ்வளவுதாங்க அர்த்தம்.

4/
1910 வாக்கில் அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கமான ஏ.ஏ.ஏ. பந்தய வண்டிகளை வகுப்பு வகுப்பாகப் பிரிச்சுது. கடையில் விற்கிற வண்டிகளுக்கு விலை வாரியாக ஒரு வகுப்பு. கடை வண்டியின் அடிச்சட்டம் மட்டும் இருந்தா, இன்ஜின் கொள்ளளவு வாரியாக இன்னொரு வகுப்பு: 160 கன அங்குலம் வரை, அடுத்து 230 வரை, அடுத்து 300 வரை, இப்படி மேலே போகும். பந்தயத்துக்காகவே செஞ்ச வண்டிகளுக்குத் தனி வகுப்பு. எந்தக் கட்டுப்பாடும் இல்லாம யார் வேணா மோதலாம் என்பதற்கு இன்னொன்று.

5/
எதுக்கு இத்தனை பிரிவு? மருத்துவராகச் சொல்றேன். ஒரு புது மருந்து வேலை செய்யுதான்னு பார்க்க, இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி நோயாளிகள் இருக்கணும். ஒரு குழுவில் 25 வயசுக்காரங்களும் இன்னொண்ணில் 75 வயசுக்காரங்களும் இருந்தா, வித்தியாசம் மருந்தால வந்ததா வயசால வந்ததான்னு சொல்லவே முடியாது. பந்தயமும் அப்படித்தான். வண்டிகள் சமமா இருந்தாத்தான் ஓட்டறவன் யாருன்னு தெரியும். இல்லைன்னா தெரியறது அவன் அப்பாவோட பேங்க் பேலன்ஸ்தான்.

6/
விதி வந்தா ஏய்ப்பும் வரும். 1949 ஜூன் 19, சார்லட் நகரம். நாஸ்கார் அமைப்பு 'கடை வண்டி மட்டும்'னு நடத்திய முதல் பந்தயம். முதலில் வந்தது கிளென் டனவே ஓட்டின ஃபோர்டு. பந்தயம் முடிஞ்சு சோதிச்சா, பின்பக்க ஸ்பிரிங்கில் வேலை பார்த்திருக்காங்க. கள்ளச்சாராயம் கடத்தறவங்க பாரம் தாங்கவும் வளைவில் வண்டி ஆடாம இருக்கவும் செய்யற வேலை அது. வெற்றி ரத்து. லிங்கன் கார் ஓட்டிய ஜிம் ரோப்பர் ஜெயிச்சதா அறிவிச்சாங்க. வண்டிக்காரர் கோர்ட்டுக்குப் போயும் தோத்தார்.

7/
இப்ப நம்ம ஊருக்கு வருவோம். அமெரிக்காவில் கடை வண்டிங்கறது ஒரு விதி. நமக்கு அது தலைவிதி! லைசன்ஸ் காலத்தில் இங்க கிடைச்சதே அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. புக் பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். ரேஸ் கார் யாரும் விற்கலை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயம் நடத்துச்சு. வீட்டு வண்டியைப் பிரிச்சு, பாரம் குறைச்சு, இன்ஜினில் வேலை பார்த்து அங்க கொண்டு போனாங்க.

8/
அதே சோழவரத்தில் வெளிநாட்டு ரேஸ் காரை இறக்குமதி செய்து ஓட்டியவங்களும் உண்டு. விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டு வந்தார். ஒருபக்கம் அது, இன்னொருபக்கம் ஹெரால்டு. 5-வது பதிவில் சொன்னது ஞாபகம் இருக்கா?

9/
கோவைக்கு இதில் என்ன வேலை? 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தப்புறம் இந்த ஊர் மில், ஃபவுண்டரி, மோட்டார், பம்ப்செட்டுன்னு வளர்ந்த ஊர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை விட்டு ஆரம்பிச்ச ஜி.டி.நாயுடு, பின்னால மோட்டாரே செஞ்சார். ஒரு பாகம் கிடைக்கலைன்னா "இல்லை"ன்னு விடாம லேத்தில் போட்டுக் கடைஞ்சு எடுத்துடற புத்தி இந்த மண்ணுக்கு உண்டு.

10/
அந்தச் சூழலில் வளர்ந்தவர் எஸ்.கரிவர்தன். பிறந்தது 1954. லட்சுமி மில்ஸ் குடும்பம். ஒளிவு மறைவு இல்லாமச் சொல்லிடறேன்: வசதியானவர். நினைச்சிருந்தா வெளிநாட்டு வண்டி வாங்கி, தான் மட்டும் ஜெயிச்சுட்டுப் போயிருக்கலாம். அவரும் நல்ல ரேஸ் டிரைவர்தான். ஆனா அவர் பேரு நிலைச்சது ஓட்டினதால இல்லை, மத்தவங்களை ஓட்ட வச்சதால.

11/
1983 கடைசியில் மாருதி 800 வந்துச்சு. 796 சிசி, மூணு சிலிண்டர். டாக்டர், வாத்தியார், கடைக்காரர் எல்லாரும் வாங்கின வண்டி. அந்தத் தசாப்தத்தின் கடைசியில் கரிவர்தன் அதோட இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எடுத்து, டிரைவர் முதுகுக்குப் பின்னால வச்சு, ஒத்தை சீட் ரேஸ் காரைக் கோவையிலேயே செஞ்சார். பேரு ஃபார்முலா மாருதி. பழுதானா பார்ட்ஸ் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

12/
796 சிசின்னா ஏறக்குறைய 49 கன அங்குலம். ஏ.ஏ.ஏ. வகுப்பிலேயே சின்னதான 160-க்குள்ள இது மாதிரி மூணு இன்ஜினை அடக்கிடலாம்! 1911-ல் நடந்த முதல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தின் வரம்பு 600. அதுக்கு 12 மாருதி வேணும். வேகத்தைப் பார்த்தா ஃபார்முலா மாருதி பெரிய வண்டி இல்லைங்க. ஆனா எல்லாரிடமும் அதே இன்ஜின். அதுதான் விஷயம்.

13/
அந்த வண்டியில் உட்கார்ந்த பசங்களில் ஒருத்தர், கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன். அவரோட அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியன். நரேன் தன்னோட முதல் பந்தயத்திலேயே ஃபார்முலா மாருதியில் முதல் மூணு இடத்துக்குள் வந்தார். 1992-ல் பிரான்சில் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிப் போட்டியில் அரையிறுதி வரை போனார். திரும்பி வந்து 1993-ல் மறுபடியும் அதே மாருதி.

14/
1995-ல் சிறு விமான விபத்தில் கரிவர்தன் இறந்துட்டார். வயசு 41. அவர் பேரில் செட்டிபாளையத்தில் 2.1 கி.மீ. டிராக் திறந்தது 2003-ல். 2005-ல் நரேன் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் களம் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். இந்த ரெண்டையும் கரி பார்க்கலை.

15/
கதை சுத்தி எங்க வந்து நிக்குது பாருங்க. 2010-ல் நரேன் அமெரிக்கா போய் நாஸ்கார் டிரக் தொடரில் ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில்லில் முதல் பந்தயம், 13-வது இடம். அந்த வருஷம் அந்தத் தொடரின் ரசிகர்களுக்குப் பிடித்த டிரைவர் விருதும் அவருக்குத்தான். அவர் ஓட்டினது பார்க்க செவ்ரொலே சில்வராடோ மாதிரி இருக்கும். உள்ளே இருந்தது குழாய்ச் சட்டகமும் வி8 பந்தய இன்ஜினும். கடையில் விற்கிற சில்வராடோவுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஸ்டாக் என்ற பேரு மட்டும் மிச்சம். மாருதிக் கடையில் கிடைச்ச இன்ஜினில் ஓட்டிப் பழகினவர் கோவைப் பையன்தான்!

16/
ஒரு டாக்டர் இதையெல்லாம் ஏன் எழுதறேன்? ராத்திரி அவிநாசி ரோட்டில் பைக்கை முறுக்கற பசங்க, விடியறதுக்குள்ள எமர்ஜென்சிக்கு வர்றதைப் பார்த்தவன் நான். அவங்க ஆசையைத் தப்புன்னு சொல்லலை. ரோட்டில் வகுப்பு இல்லை, சோதனை இல்லை. எதிரே வர்ற லாரிக்கு நீங்க போட்டியில் இருக்கறது தெரியாது. முறையான பந்தயத்தில் ஹெல்மெட் சரியா இருக்கான்னு பார்த்துத்தான் உள்ளயே விடுவாங்க, ஆம்புலன்சும் டாக்டரும் தயாரா நிற்பாங்க. விதிங்கறது வேகத்துக்கு எதிரி இல்லைங்க. வேகமாப் போறவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பறதே அதுதான்.

17/
இன்னைக்கும் இது செலவு பிடிச்ச விளையாட்டுதான், மறுக்கலை. ஆனா எல்லாருக்கும் ஒரே வண்டி கொடுத்து "இப்ப ஓட்டிக் காட்டு"ன்னு சொன்ன ஒரு ஆள் நம்ம ஊரில் இருந்தார். அடுத்த தடவை செட்டிபாளையம் பக்கம் போனா, அந்த போர்டைப் பார்த்து உங்க பசங்களுக்குச் சொல்லுங்க. சோழவரம் பந்தயத்தை நேரில் பார்த்தவங்க இருந்தா கீழே எழுதுங்க, கேட்க ஆசையா இருக்கு.